நாற்பது சொல்லுக்கும் முறை சொன்ன தண்டல்

என் அக்கா செலஸ்தீனைக் கட்டியவர் கயித்தான் தண்டல். எங்கள் கரையில் தோணியை நடத்திப் போகிறவரைத் தண்டல் என்போம். அவர் பிறந்தது புன்னைக்காயல். அவருடைய அம்மா மணப்பாட்டுக்காரி, அம்மாவின் அம்மா வேம்பாறு. இதை நான் விசாரித்துச் சொல்லவில்லை, அவரே பார்க்கிற ஆளிடமெல்லாம் சொல்லுவார். சொல்லிவிட்டு எதிரே நிற்கிறவனின் வம்சத்தையும் கேட்பார்.

தோணியில் வேலை கேட்டுப் புது ஆள் வந்தால் பேரைக் கேட்க மாட்டார். "யாரு மவம்லே நீ? ஒங்க அம்மைக்கு எந்த ஊரு?" இதுதான் முதல் கேள்வி. நாலு கேள்விக்குள் அவன் இவருக்கு மருமகனாகவோ, ஒன்றுவிட்ட தம்பியாகவோ, பெரியம்மை வீட்டுக் கொழுந்தனின் சகலப்பாடியாகவோ ஆகிவிடுவான். அப்புறம் ஆயுசுக்கும் அவனை மறக்க மாட்டார். கொழும்புத் துறையில் மூட்டை தூக்குகிற கூட்டத்துக்குள் ஒருவனை இருபது வருசம் கழித்துப் பார்த்து, "ஏலே, நீ இடிந்தகரை சலமோன் மச்சினன்லா?" என்று அவர் பிடித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவன் மூட்டையைக் கீழே போட்டுவிட்டான்.

எழுத்து அவருக்கு வராது. கையெழுத்துக்குப் பதிலாக ஒரு சிலுவை கீறுவார். ஆனால் காற்றும் நீரோட்டமும் அவருக்கு அடுப்படி மாதிரி. கடலுக்கு அடியில் கிடக்கிற பாறைத் திட்டைப் பார் என்போம். எந்தப் பார் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார்.

நான் சொல்ல வந்தது 1943-இல் நடந்தது. ஜப்பான்காரன் ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை அன்றைக்குக் கொழும்பில் குண்டு போட்டானே, அதற்கு மறு வருசம். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது, கல்யாணமாகிக் கைப்பிள்ளையும் உண்டு. மச்சானுடைய தோணியில் பாய் இழுக்கிற ஆள் நான். தோணி காயல்பட்டினம் ஜக்கரிய்யா மரைக்காயருக்குச் சொந்தம். வெங்காயமும் கருவாடும் ஓடும் ஏற்றிக் கொழும்புக்கு விடுவோம்.

சண்டைக்காலம் ஆனதால் கடலில் வெள்ளைக்காரர்களின் காவல் லாஞ்சுகள் சுற்றிக்கொண்டிருந்தன. யார் என்ன என்று கேட்பார்கள், நமக்குப் புரியாது, நாம் சொல்வது அவர்களுக்குப் புரியாது. ஒரு தோணியைப் பார்த்துச் சுடக்கூடப் போய்விட்டார்கள் என்று கரையில் பேச்சு. அப்புறம் ஒரு நாள் துறைமுக ஆபீசு வாசலில் கடுதாசி ஒட்டினார்கள். கொழும்புக்குத் தோணி விடுகிற தண்டல் எவரும் இங்கிலீசில் நாற்பது சொல் தெரிந்து வைத்திருக்க வேண்டும். துரை முன்னால் பரீட்சை. முப்பது சொல் சரியாக வந்தால் சீட்டு. வராவிட்டால் தண்டலாகக் கடல் ஏறக் கூடாது.

மற்றத் தண்டல்மார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் மச்சான் மட்டும் சிரித்தார்.

"இதுக்கா இந்த ஒப்பாரி? எனக்குத்தான் இங்கிலீசு தெரியுமே!"

நாங்கள் முழித்தோம்.

"என்னலே முழிக்கீங்க? சன்னல்ங்கோம், சாவிங்கோம், மேசை, அலமாரி, கோப்பை, துவாலைங்கோம். இதெல்லாம் யாரு வச்ச பேரு? சாமான வெள்ளைக்காரன் கொண்டாந்தான், பேரையும் அவன்தான் கொண்டாந்தான். அவன் பேச்ச அவங்கிட்டயே பேசப் போறேன். இதுல என்ன பரீட்சை?"

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. அன்றைக்கு எங்கள் கரையில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையே சொல்லியிருப்பார்கள். நானூறு வருசத்துக்கு முன்னால் போர்ச்சுக்கீசியர் வந்து எங்கள் முன்னோருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள், அவர்கள் கப்பலேறிப் போன பிறகும் அவர்கள் பேச்சு எங்கள் வீட்டுக் குசினியில் தங்கிவிட்டது என்று இன்றைக்குப் படித்த பிள்ளைகள் சொல்லுகிறார்கள். எங்களுக்கு அப்போது வெள்ளைத்தோல் எல்லாம் ஒரே வெள்ளைத்தோல். பறங்கியும் இங்கிலீசுக்காரனும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றுதான் நினைத்திருந்தோம்.

மறுநாளே திருநாளுக்குப் போடுகிற வெள்ளைக் கமிசுச் சட்டையைப் போட்டுக்கொண்டு மச்சான் ஆபீசுக்குக் கிளம்பினார். நானும் போனேன். உள்ளே செம்பட்டை முடியோடு, பனை உயரத்துக்கு ஒரு கடற்படைத் துரை. ஊருக்குப் புதுசு. பக்கத்தில் தலைமைக் கிளார்க்கு சிவனணைந்தபெருமாள் பிள்ளை. நல்ல மனுசர், ஆனால் நாக்கில் மிளகாய் அரைத்து வைத்திருப்பார்.

மச்சான் நிமிர்ந்து நின்று கையைக் காட்டினார். "மேசை" என்றார்.

துரை மேசையைப் பார்த்தார்.

"சன்னல்."

துரை சன்னலையும் பார்த்தார். மச்சான் என் பக்கம் திரும்பிக் கண்ணைச் சிமிட்டினார். பார்த்தாயா, புரிகிறது என்று அர்த்தம். பிறகு அவர் குரல் ஏறியது. "அலமாரி! சாவி! கோப்பை! கடுதாசி!"

துரை கிளார்க்கின் பக்கம் சாய்ந்து என்னவோ கேட்டார். பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு பொத்திய கையையும் மீறிச் சிரிப்பு வெடித்தது.

"என்ன கேக்காரு பிள்ளைவாள்?" என்றார் மச்சான்.

"இந்தத் தமிழெல்லாம் எனக்கு எதுக்குச் சொல்லிக்குடுக்கான்னு கேக்காரு வே! நீரு சொன்னதுல ஒரு சொல்லு இங்கிலீசு இல்ல. ஒண்ணுகூட! பன்னெண்டு நாள் கழிச்சு வாரும். அதுவரைக்கும் ஒம்ம அலமாரியப் பூட்டி வையும்!"

அன்று சாயங்காலமே கடற்கரை முழுக்க அவருக்கு 'அலமாரித் தண்டல்' என்று பேர் விழுந்தது. வலை காயப்போடுகிற பெண்கள்கூட, "தண்டல், சாவி எங்க?" என்று கேட்டார்கள்.

ஜக்கரிய்யா மரைக்காயர் வீட்டுக்கே வந்துவிட்டார். வெற்றிலையைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை. "கயித்தான், ஒம்ம இல்லாம எந்தோணியக் கடல்ல விட எனக்கு மனசே இல்ல. அல்லா அறிவான். ஆனா சரக்கு அழுகுதே. பன்னெண்டு நாளும் நான் பொறுத்திருக்கேன். அதுக்கப்புறம் சீட்டு வச்சிருக்க ஆளத்தான் ஏத்தணும். என்னைய ஏசாதீரும்."

"ஏசுவனா மரைக்காரே" என்றார் மச்சான். மரைக்காயர் போன பிறகு அக்கா சோற்றைப் போட்டு வைத்தாள். அவர் கை நனைக்கவில்லை. "முப்பது வருசம் சுக்கானப் பிடிச்ச கை. கரையில நின்னுக்கிட்டு, எந்தோணி போறத நானே வேடிக்கை பாக்கணுமாளா?" என்று அவளிடம் கேட்டார். அக்கா சோற்றை மூடிவைத்தாள். எழுந்து நேரே பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

பக்கத்து வீட்டில் ஜீவமணி டீச்சர் வாடகைக்கு இருந்தார். நாசரேத்துக்காரர். பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு சொல்லிக்கொடுப்பவர். அவர்கள் கோயில் வேறு, எங்கள் கோயில் வேறு. ஆனால் கிணறு ஒன்றுதான். டீச்சருடைய அப்பா உபதேசியாராக இருந்தவர். அவருக்கு ஒரு மிஷன் அம்மாள் கொடுத்துவிட்டுப் போன இங்கிலீசு அகராதி டீச்சரிடம் இருந்தது. தலைக்கு வைத்துப் படுக்கலாம், அவ்வளவு தடிமன்.

முதல் மூன்று நாள் பாடம் ஏறவே இல்லை. நங்கூரத்துக்கு ஆங்கர், சுக்கானுக்கு ரடர், பாய்மரத்துக்கு மாஸ்ட், பாய்க்குச் செயில். காலையில் சொன்னது மத்தியானம் இருக்காது. ஐம்பத்திரண்டு வயசு ஆள் முகம் சுருங்கி முற்றத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

"எல்லாம் அறியாத ஆளுக பேரு மாதிரி இருக்கு டீச்சரம்மா. யாரு, எந்த ஊரு, எந்த வீடுன்னு தெரியாத ஒருத்தன எப்பிடி மனசுல நிறுத்த? கப்பித்தான்னு சொல்லுங்க, எனக்குத் தெரியும். கேப்டன் கேப்டன்னா அது யாரு?"

டீச்சர் சொன்னார்: "அண்ணாச்சி, கப்பித்தானும் கேப்டனும் ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பிக."

மச்சான் நிமிர்ந்தார். "சொந்தமா? சொல்லுக்குச் சொந்தம் உண்டுமா?"

டீச்சர் உள்ளே போய் அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு பக்கத்தைத் திறந்து, சொல்லுக்குப் பின்னால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்த பொடி எழுத்தைக் காட்டினார். "இதுல ஒவ்வொரு சொல்லுக்கும் தாய் தகப்பன் பேரு எழுதியிருக்கு. கப்பித்தான் போர்ச்சுக்கல்ல பொறந்தவன், கேப்டன் பிரெஞ்சுக்காரன் வழியா இங்கிலீசுக்கு வந்தவன். ரெண்டு பேருக்கும் தாத்தா லத்தீன்ல இருக்கார். அவரு பேருக்குத் தலைன்னு அர்த்தம். நம்ம தலையில இருந்து தலைவன் வந்தான்லா, அதே மாதிரிதான்."

மச்சான் தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கோயிலில் பூசைக்கு லத்தீன் கேட்டு வளர்ந்த ஆள் அவர். அந்தப் பாஷைக்கு வீட்டில் பேரன் பேத்திகள் உண்டென்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

"மத்தவனுக?" என்றார்.

டீச்சர் தேடத் தேடச் சொந்தங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கோப்பைக்கு உறவு 'கப்'. துவாலைக்கு உறவு 'டவல்'. பொத்தானுக்கு உறவு 'பட்டன்'. பேனாவும் 'பென்'னும் ஒரே பாட்டன் பிள்ளைகள், அந்தப் பாட்டன் ஒரு பறவையின் இறகு. ஒரு காலத்தில் இறகைச் சீவித்தானே எழுதினார்கள்.

மச்சான் என்னைப் பார்த்தார். அந்த மூன்று நாளில் முதல் தடவையாக முகத்தில் ரத்தம் ஓடியது. "அப்ப நான் ஆபீசுல போய்ச் சொன்னது முழுப் பொய் இல்ல."

"பொய்யே இல்ல அண்ணாச்சி. தம்பி வீட்டு வாசல்ல போய் நின்னுக்கிட்டு அண்ணன் பேரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கீக. அதான் யாரும் வெளிய வரல."

அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பில் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த அக்கா எழுந்து வந்து எட்டிப்பார்த்தாள்.

அதற்குப் பிறகு பாடம் வேறு மாதிரி நடந்தது. ஒரு சொல் வந்தால் அவர் அதை முதலில் விசாரிப்பார். யார் பெற்றது, எந்தக் கடல் வழியாக வந்தது, யாருக்கு என்ன முறை. முறை தெரிந்துவிட்டால் அந்தச் சொல் பிறகு அவரைவிட்டுப் போகவே போகாது. வலது பக்கத்துக்கு 'ஸ்டார்போர்டு' என்று ஒரு சொல். பழைய கப்பல்களில் சுக்கான் பலகை வலது பக்கத்தில்தான் இருக்குமாம், அந்தப் பலகையின் பேரே பக்கத்துக்கும் பேராகிவிட்டதாம். "சுக்கான் வீட்டுக்காரன்" என்று ஒரு தலையாட்டலில் அவனைச் சேர்த்துக்கொண்டார். 'ஆங்கர்' நம்முடைய நங்கூரத்துக்குச் சொந்தமா என்று கேட்டார். நங்கூரம் பாரசீகத்திலிருந்து வந்தது என்பார்கள், ஆனால் சொந்தம் என்று இந்தப் புத்தகத்தில் எழுதவில்லை என்று டீச்சர் உண்மையைச் சொன்னார். "எழுதாட்டா என்ன, மூக்கு ஒண்ணு போல இருக்கே" என்றார் மச்சான்.

நாற்பதோடு நிற்கவும் மாட்டார். எங்கள் சன்னலுக்கு இங்கிலீசில் என்ன என்று கேட்டார். 'விண்டோ' என்றார் டீச்சர். அது சன்னலுக்கு உறவில்லை, வேறு குடும்பம். வடக்கே பனிக்கடலில் கப்பல் ஓட்டினவர்கள் வைத்த பேர், காற்றுக்குக் கண் என்று அர்த்தம்.

"காத்துக்குக் கண்ணு" என்று மச்சான் மெதுவாகச் சொன்னார். எழுந்து போய் டீச்சர் வீட்டு சன்னல் முன்னால் நின்றார். கடல் காற்று உள்ளே வந்து அவர் கமிசை அசைத்தது. "கடலுக்குப் போறவன்தான் இப்பிடிப் பேரு வப்பான். வேற எவனுக்கும் இது தோணாது."

"நாப்பதப் படிக்கச் சொன்னா, ஊரு உலகத்துல உள்ள சொல்லுக்கெல்லாம் சம்பந்தம் பேசிக்கிட்டு நிக்காரே!" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

டீச்சருக்கு ஒரு பயம் இருந்தது. ஒரே சொல்லுக்கு இரண்டு மூன்று அர்த்தம் இருந்தால் மனுசர் குழம்பிவிடுவாரே என்று. 'போர்ட்' என்றால் துறைமுகம். கப்பலின் இடது பக்கத்துக்கும் அதே பேர். போர்ச்சுக்கல்லில் ஒரு துறைமுக ஊரிலிருந்து வருகிற ஒரு சாராயத்துக்கும் அதே பேர். இதைத் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

மச்சான் துளிக்கூடக் குழம்பவில்லை. "இதுல என்ன டீச்சரம்மா? நான் ஒருத்தன்தான். செலஸ்தீனுக்கு மாப்பிள்ளை, இந்தா நிக்கானே கஸ்பாரு, இவனுக்கு மச்சான், மரைக்காருக்குத் தண்டல். ஆளு ஒண்ணு, வாசலுக்கு வாசல் மொற வேற. துறைமுகத்தப் பாத்து அணையுற பக்கம் எடது பக்கம்னா, அதுக்குத் துறைமுகம் பேரு. துறைமுகத்துல இருந்து வந்த சாராயத்துக்கும் அது பேரு. எல்லாம் ஒரே வீடு."

டீச்சர் அகராதியை மூடினார். "பதினோரு வருசமா இத நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்கேன். இப்பிடிச் சொல்ல எனக்குத் தெரியலையே" என்றார். பிறகு, "ஆனா 'கேஷ்'னு ஒண்ணு இருக்கு, அது ஒரே ஆளு இல்ல. ரெண்டு பேரு. ஒருத்தன் பெட்டிங்கிற அர்த்தத்துல ஐரோப்பாவுல பொறந்தவன். இன்னொருத்தன் நம்ம காசு. பேரு மட்டும் ஒண்ணாப் போச்சு" என்றார்.

"புன்னைக்காயல்ல என்னையும் சேத்து நாலு கயித்தான்" என்றார் மச்சான். அவ்வளவுதான். அடுத்த கணம் அவர் முகம் மாறியது. "நில்லுங்க. நம்ம காசா? நம்ம சொல்லு அந்தப் பொஸ்தகத்துக்குள்ள இருக்கா?"

"இருக்கே. கறி இருக்கு, சுருட்டு இருக்கு." டீச்சர் பக்கங்களைத் தள்ளினார். "இந்தா, கட்டுமரம்."

மச்சான் எழுந்து கிணற்றடிக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். துண்டில் ஈரம் போகத் துடைத்தார். பிறகுதான் "எங்கன இருக்கு, காட்டுங்க" என்றார். டீச்சர் அவர் விரலைப் பிடித்து அந்த வரியின்மேல் வைத்தார்.

"இது சீமையில அச்சடிச்சதா?"

"ஆமா அண்ணாச்சி."

"அங்கன கட்டுமரம் உண்டுமா?"

"கிடையாது."

"கட்டுனது யாருன்னு போட்டிருக்கா?"

"தமிழ்னு போட்டிருக்கு."

அவர் விரலை எடுக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அந்த விரல் ஒன்பது எழுத்தின்மேல் அப்படியே கிடந்தது. அன்றைக்குக் காலையில்கூட நான் கட்டுமரத்தைத் தாண்டித்தான் வந்திருந்தேன். மணலில் கிடக்கிற நாலு மரத்துண்டு, நடுவில் கயிறு. அதை ஒரு பொருளாகக்கூட நான் நினைத்ததில்லை.

"எங்க பாட்டனுக்குப் பாட்டன் கட்டுன மரம். நம்ம யாரும் போகாத சீமைக்கு அது முந்திப் போய் எறங்கியிருக்கு" என்றார் மச்சான். "எவங்கிட்டயும் சீட்டு வாங்காம!"

பிறகு 'காயர்' என்ற சொல்லைக் காட்டினார் டீச்சர். தேங்காய் நாரைத் திரித்த வடம். மலையாளத்துக் கயறு அங்கே போய்க் காயர் ஆகியிருக்கிறது. கயறும் கயிறும் ஒரு தாய் பிள்ளைகள் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடைசியாக டீச்சர், 'டிண்டல்' என்று ஒரு சொல்லைப் படித்தார். கப்பலாட்களுக்குத் தலைமை தாங்குகிறவன் என்று எழுதியிருந்தது. "இதுவும் மலையாளக் கரை வழியாப் போனதுதான். தண்டல். நீங்களும் உள்ளதான் இருக்கீக அண்ணாச்சி" என்றார். மச்சான் சிலுவை போட்டுக்கொண்டார். அதற்கு மேல் அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை.

எட்டாம் நாள் மரைக்காயர் பாடத்தைப் பார்க்க வந்தார். மச்சான் அவரை உட்காரவைத்து, கடற்படைக்கெல்லாம் பெரியவனாகிய 'அட்மிரல்' யார் வீட்டுப் பிள்ளை தெரியுமா என்று கேட்டார். அரபு வீட்டுப் பிள்ளை, அமீர் என்ற சொல்லிலிருந்து போனவன் என்று டீச்சர் சொன்னதும் மரைக்காயர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "அமீரா? எங்க அமீரு இங்கிலீசுக்காரன் கப்பல்ல ஏறி அதிகாரம் பண்ணிக்கிட்டு இருக்காரா? இத ஊருல போய்ச் சொன்னா என்னையப் பைத்தியம்பானுகளே!" போகும்போது, "கயித்தான், இன்னும் நாலு நாள்தான்" என்றும் சொல்லிவிட்டுப் போனார். அவர் சிரிப்பு வாசல் வரைக்கும்கூட வரவில்லை.

பரீட்சை தோணியிலேயே நடந்தது. காலை வேளை, துறைமுகத்துக்கு எதிரே இருக்கிற முயல் தீவுக்கு வெளியே, லேசான தென்றல். தோணியில் நாங்கள் எட்டுப் பேர். எதிரே லாஞ்சில் செம்பட்டைத் துரை ஊதுகுழல் மாதிரி ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் பிள்ளை, கையில் பென்சிலோடு. தமிழில் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று அவருக்கு உத்தரவு.

எங்கிருந்து என்று கேட்டார் துரை. மச்சான் ஊரைச் சொன்னார். எங்கே என்றார். "கொலம்போ!" என்ன சரக்கு என்றார். "ஆனியன்!" எத்தனை ஆள்? "எய்ட்!" போர்ட் என்றதும் தோணி இடது பக்கம் திரும்பியது, ஸ்டார்போர்டு என்றதும் வலது பக்கம். சுக்கானைக் கேட்டதற்குப் பாய்மரத்தைக் காட்டினார், பிறகு தானே நாக்கைக் கடித்துக்கொண்டார். வேறு சில சொல்லிலும் தடுமாறினார். ஒவ்வொரு தடவையும் பிள்ளையின் பென்சில் அசைந்தது. நான் எண்ண முயன்று, பயத்தில் எண்ணிக்கையை விட்டுவிட்டேன்.

அப்போது துரை கத்தினார்: "ஆங்கர்!"

அது மச்சானுக்கு நன்றாகத் தெரிந்த சொல். நான் நங்கூரத்தைத் தூக்கிவிட்டேன். "போடாதலே!" என்றார் அவர்.

"மச்சான், ஆங்கர்னா நங்கூரம்!"

"எனக்குத் தெரியாதாலே? கீழ என்ன கெடக்குன்னு பாரு."

கீழே பார் கிடந்தது. கத்தி முனை மாதிரி வெள்ளைப் பவளப் பாறை. எங்கள் நங்கூரம் தென்னை நார் வடத்தில் கட்டியது. அந்தப் பாரில் போட்டால் இரண்டு அலையில் வடம் அறுந்துவிடும், நீரோட்டம் தோணியைத் தீவுப் பாறையில் கொண்டு சாத்தும். புதுத் துரைக்கு அது தெரியாது.

துரை மறுபடியும் கத்தினார். இரண்டாம் தடவை முகம் சிவந்திருந்தது. தண்டலுக்குச் சொல் புரியவில்லை என்று அவர் நினைத்துவிட்டார். பிள்ளை எங்களைப் பார்த்து, போட்டுத் தொலையும் என்கிற மாதிரிக் கண்ணால் கெஞ்சினார். பென்சில் தாளுக்கு மேலே நின்றது.

"போட்டுருங்க மச்சான்" என்றேன். "வடம் அறுந்து போறதுக்குள்ள தூக்கிரலாம். போடலைன்னா சீட்டு போச்சு."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. முப்பது வருசமும், மரைக்காயரின் தோணியும், எட்டுப் பேரின் உயிரும் ஒரே தராசில் கிடந்தன. அவரிடம் வாக்கியம் கிடையாது. வாக்கியம் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இருந்தது சில சொற்கள்தான்.

வடத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினார். "காயர்!" என்று கத்தினார். கடலுக்கு அடியைக் காட்டி, "ராக்! ராக்!" என்றார். பிறகு இடுப்புக் கத்தியை உருவி வடத்தின் குறுக்கே வெட்டுகிற மாதிரி இழுத்துக் காட்டினார். "நோ காயர், நோ ஆங்கர். நோ ஆங்கர், நோ ஷிப்!"

துரை குழலை இறக்கிவிட்டார். லாஞ்சிலிருந்த ஒரு சிப்பாய் ஈயக் குண்டைக் கயிற்றில் இறக்கி இழுத்தான். குண்டின் அடியில் அப்பியிருந்த மெழுகில் வெள்ளைப் பவளத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு வந்தன. துரை அவற்றைக் கையில் வாங்கிப் பார்த்தார். லாஞ்சின் ஓரமாகக் குனிந்து தண்ணீரைப் பார்த்தார். காலைத் தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. எதைப் பார்த்தாரோ, சட்டென்று இரண்டடி பின்னால் வந்தார். பிறகு பிள்ளையிடம் பேசினார். பிள்ளைக்குத் தமிழ் திரும்ப வந்தது.

"தண்டல்! இந்தப் பாரு எது வரைக்கும் போவுதுன்னு கேக்காரு! லாஞ்சு எப்பிடி வெளிய போவணும்னு கேக்காரு வே!"

"எம்பின்னால வரச் சொல்லும்" என்றார் மச்சான். பிறகு, இங்கிலீசுப் பரீட்சை என்பது நினைவு வந்தவராக, துரையைப் பார்த்துக் கையை வீசி, "கம்!" என்றார்.

தோணி முன்னால் போனது. சர்க்காரின் லாஞ்சு ஒரு கன்றுக்குட்டி மாதிரி அதன் பின்னாலேயே வந்தது.

கரையில் பிள்ளை சீட்டை நீட்டினார். "நாப்பதுல ஒம்பது தப்பு வே. இன்னும் ரெண்டு கூடியிருந்தா வீட்டுக்குத்தான் போயிருப்பீரு."

"நங்கூரம் போடலையே, அதையும் சேத்தா ஒம்பது?"

"நான் அதத் தப்புன்னுதான் போட்டேன். தொரை பென்சில வாங்கி அடிச்சுட்டாரு."

மச்சான் சீட்டில் சிலுவை கீறினார். மரைக்காயர் ஆபீசு வாசலிலேயே அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருசம் அவர் தண்டலாகவே இருந்து, படுக்கையில் கிடக்காமல் போய்ச் சேர்ந்தார். ஜீவமணி டீச்சர் அடக்கத்துக்கு நாசரேத்திலிருந்து வந்திருந்தார். அதெல்லாம் வேறு கதை. சீட்டு வாங்கின மூன்றாம் நாள் காலை நாங்கள் கொழும்புக்குக் கிளம்பினோமே, அதைச் சொல்லி முடிக்க வேண்டும்.

துறையை விட்டு வெளியே வந்ததும் ஒரு காவல் லாஞ்சு குறுக்கே வந்து நின்றது. செம்பட்டைத் துரை அதில் இல்லை. எல்லாம் முன்பின் அறியாத இளசுகள், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. இயந்திரத் துப்பாக்கி எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. ஒருவன் கத்திக் கேட்டான். முன்பெல்லாம் இப்படிக் கேட்டால் நாங்கள் எட்டுப் பேரும் கையைத் தூக்கிக்கொண்டு கும்பிட்டு நிற்போம்.

மச்சான் சுக்கானை விடாமலே பதில் சொன்னார். ஊர், சரக்கு, ஆள் எண்ணிக்கை, போகிற இடம். நாலே சொல், காற்றுக்கு மேலே கேட்கிற மாதிரி.

அந்தப் பையன் தலையாட்டினான். துப்பாக்கியின் மூக்கு வேறு பக்கம் திரும்பியது. லாஞ்சு பின்வாங்கி எங்களுக்கு வழிவிட்டது.

நாங்கள் பாயை இழுக்க மறந்து நின்றோம். வெறும் வாயிலிருந்து போன நாலு சொல், இரும்பை நகர்த்தியதை நாங்கள் கண்ணால் பார்த்திருந்தோம். மச்சானும் அந்த லாஞ்சு சின்னதாகிப் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"என்னலே, எல்லாவனும் பேயறைஞ்ச மாதிரி நிக்கீங்க? காத்து நல்லா வருது. பாய இழுங்க."

இழுத்தோம்.